திருப்புளியா, கீபோர்டா?

லினக்ஸ் போட்ட லேப்டாப் லோகோவிலேயே நின்றுவிட்டால் முதலில் ஹார்டு டிஸ்க்கைக் குறை சொல்வார்கள், அப்புறம் ரேமை, கடைசியில் லினக்ஸையே. திரைக்கு மேல் கடுகளவு துளைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் வெப்கேம் மேல் யாருக்கும் சந்தேகம் வராது. கடைக்குக் கொண்டுவருகிறவர் சொல்வதும் அநேகமாக ஒரே வாசகம்தான்: "அண்ணே, விண்டோஸ்ல நல்லா வருது. லினக்ஸ் போட்ட பிறகுதான் ரெண்டு நிமிஷம் நிக்குது." விண்டோஸிலும் நன்றாக வரவில்லை. டிவைஸ் மேனேஜரைத் திறந்தால் 'அன்நோன் யுஎஸ்பி டிவைஸ்' என்று மஞ்சள் முக்கோணத்தோடு ஒன்று கிடக்கும், கோடு 43. விண்டோஸ் அதைச் சத்தம் காட்டாமல் ஒதுக்கிவிட்டுப் போய்விடுகிறது. லினக்ஸ் கூப்பிட்டுப் பார்த்ததை எல்லாம் வரி வரியாக எழுதி வைக்கிறது.

சர்வீஸ் பழக வருகிற பிள்ளைகளுக்கு இந்தப் பழுதை நான் சீக்கிரமே கையில் கொடுத்துவிடுவேன். ஒரே பழுதில் சாஃப்ட்வேரும் இருக்கிறது, ஒயரும் இருக்கிறது. திருப்புளியை எடுப்பதா, கீபோர்டில் கை வைப்பதா என்று முடிவெடுக்கப் பழகிவிட்டால் மற்ற பழுதுகளிலும் அந்தப் பழக்கம் கூட வரும்.

லேப்டாப்புக்குள் இருக்கும் வெப்கேம் பெரும்பாலும் ஒரு யுஎஸ்பி கருவி. வெளியே தெரியும் பிளக் இல்லை, அவ்வளவுதான். கரண்ட், கிரவுண்டு, டி பிளஸ், டி மைனஸ் என்று நாலு ஒயர். பக்கத்திலேயே மைக்குக்குப் போகும் ஒயர்கள். எல்லாம் டிஸ்ப்ளே கேபிளோடு சேர்ந்து ஹின்ஜ் வழியாக இறங்கி மதர்போர்டில் 30 அல்லது 40 பின் கனெக்டரில் போய் உட்காரும். மூடியைத் திறக்கும்போதும் மூடும்போதும் தலைமுடி மாதிரி மெல்லிய அந்த ஒயர்கள் ஒரே இடத்தில் மடங்கி மடங்கி நிமிர்கின்றன.

டிரைவர் பக்கம் பெரிய தொல்லை இப்போது கிடையாது. யுஎஸ்பி வீடியோ கிளாஸ் என்ற பொது வரையறை 2003-இல் வந்தது. லோரான் பின்ஷார் எழுதிய யுவிசி-வீடியோ டிரைவர் 2008-இல் 2.6.26 கர்னலில் சேர்ந்தது. அதற்கு முன்னால் பல கேமராக்களுக்குத் தனி டிரைவரைத் தேடிக் கம்பைல் செய்தாக வேண்டியிருந்தது. சில லேப்டாப்களில் கேமராவைத் தலைகீழாகவே பொருத்தி அனுப்பியிருந்தார்கள். முகம் தலைகீழாக வருகிறது என்று வாடிக்கையாளர் கொண்டுவருவார். அந்த மாடல்களின் பட்டியலை லிப்-வி4எல் என்ற லைப்ரரிக்குள்ளேயே எழுதிவைத்துப் படத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். அந்தக் காலத்தில் டிரைவரைச் சந்தேகிப்பதில் நியாயம் இருந்தது. அந்தப் பழக்கம்தான் இன்னும் பலரை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது.

எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் பலர் லினக்ஸை முதலில் பார்த்தது தமிழக அரசு 2011-இல் தொடங்கிய விலையில்லா லேப்டாப் திட்டத்தில்தான். விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் அதில் இருந்தது. சென்னை சி-டாக், டெபியனை அடிப்படையாக வைத்து உருவாக்கியது. அண்ணன் படித்து முடித்த லேப்டாப் தங்கைக்குப் போகும். விண்டோஸ் தாங்காத அளவு மெஷின் பழசானதும் யாராவது ஒரு சின்ன லினக்ஸைப் போட்டுக் கொடுப்பார்கள். அதற்குள் ஹின்ஜ் எத்தனை முறை மடங்கியிருக்கும்! ஆகவே லினக்ஸ் போட்ட அன்றைக்குப் பழுது வந்ததாகத் தோன்றும். ஒயர் அதற்கு முன்னமே போயிருக்கும்.

எனக்குத் தொழில் கற்றுக் கொடுத்தவர் ரிச்சி ஸ்ட்ரீட்டில் டிவி, ரேடியோ பார்த்துவிட்டு லேப்டாப்புக்கு வந்தவர். நாங்கள் அண்ணன் என்றே கூப்பிடுவோம். ஆங்கிலம் எழுத்துக்கூட்டித்தான் படிப்பார். ஆனால் கர்னல் லாக் திரையில் ஓடும்போது எங்களுக்கு முன்னால் பழுதைப் பிடித்துவிடுவார். அவர் வலதுபக்க எழுத்துகளைப் பார்ப்பதே இல்லை. இடதுபக்கம் சதுர அடைப்புக்குள் வரும் விநாடிக் கணக்கை மட்டும் விரலால் தடவிக்கொண்டே இறங்குவார். 7, 7, 7 என்று போய்க்கொண்டிருப்பது 12-க்குத் தாவும், அப்புறம் 28-க்கு. விரல் அங்கே நிற்கும். "இந்த இடத்துல யாரையோ கூப்பிட்டுக் காத்திருக்கு தம்பி. யாருன்னு நீ படிச்சுச் சொல்லு."

நீங்களும் அப்படியே தொடங்குங்கள். லோகோ படம் மறைத்துக்கொண்டிருப்பதை முதலில் விலக்க வேண்டும். ஆன் செய்ததும் ஷிஃப்ட் அல்லது எஸ்கேப் தட்டி கிரப் மெனுவுக்கு வந்து 'இ' அழுத்தினால் பூட் வரிகள் தெரியும். 'லினக்ஸ்' என்று தொடங்கும் வரியில் 'கொயட் ஸ்பிளாஷ்' என்ற இரண்டு சொற்களை அழித்துவிட்டு எஃப்10. அந்த ஒரு தடவைக்கு மட்டும் எல்லா வரிகளும் கண்முன் ஓடும். கிரப் மெனுவுக்கே வராமல் கம்பெனி லோகோவில் நின்றால் அது லினக்ஸின் கணக்கில் சேராது. பயாஸும் தன் பங்குக்கு யுஎஸ்பி கருவிகளை எண்ணிப் பார்க்கிறது. கேமரா ஷார்ட் ஆகியிருந்தால் அங்கேயே சிக்கும்.

வரி இப்படி இருக்கும்: 'யுஎஸ்பி 1-6: டிவைஸ் டிஸ்கிரிப்டர் ரீட்/64, எரர் -110'. முதலாம் பஸ்ஸில் ஆறாம் போர்ட் என்று பொருள். அங்கே இருக்கும் கருவியிடம் 'நீ யார்' என்று 64 பைட்டுக்குக் கேள்வி போயிருக்கிறது, பதில் வரவில்லை. -110 என்றால் நேரம் கடந்துவிட்டது. -71 வந்தால் பதில் ஏதோ வந்தது, ஆனால் சிதைந்து வந்தது. கொஞ்சம் கீழே 'டிவைஸ் நாட் ஆக்செப்டிங் அட்ரஸ்', நடுவில் 'அட்டெம்ப்ட் பவர் சைக்கிள்', கடைசியில் கைவிரித்து 'அனேபிள் டு எனுமரேட் யுஎஸ்பி டிவைஸ்'. இத்தனையும் முடிய ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகிவிடும்.

அந்த ஒரு நிமிடம் மற்றவர்களையும் ஏன் நிறுத்துகிறது என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். ஒரு ஹப்பில் இருக்கும் போர்ட்களைக் கர்னல் வரிசையாகத்தான் பார்க்கிறது. வகுப்பில் ஆசிரியர் பேர் கூப்பிடும்போது ஆறாம் எண் பிள்ளை வாய் திறக்காவிட்டால், ஏழும் எட்டும் கையைத் தூக்கிக்கொண்டு காத்திருக்க வேண்டியதுதான். ஏழாம் போர்ட்டில் இருப்பது புளூடூத் என்றால் பெரிய நஷ்டமில்லை. அங்கே இருப்பது பூட் ஆக வேண்டிய பென் டிரைவ் என்றால்? இன்ஸ்டால் செய்ய உட்கார்ந்தவருக்கு 'லைவ் ஃபைல் சிஸ்டம் உள்ள மீடியம் கிடைக்கவில்லை' என்று வரும். பென் டிரைவை மாற்றுவார், ஐஎஸ்ஓவை மறுபடி இறக்குவார், ரூஃபஸை விட்டு எட்சருக்குப் போவார். பழுது அவர் முகத்துக்கு நேரே, திரைக்கு மேல் இருக்கும். ப்ளூ கலர் போர்ட்டில் யுஎஸ்பி 3 பென் டிரைவைப் போட்டால் சிலசமயம் வந்துவிடும். அது வேறு பஸ்ஸில் எண்ணப்படுகிறது என்பதுதான் காரணம்.

இனி, எல்லோரும் சொல்லும் வைத்தியம். யுவிசி-வீடியோவை பிளாக்லிஸ்ட் செய் என்பார்கள். என்னிடம் பழகிய ஒரு பையன் பெரிய சுறுசுறுப்புக்காரன். மாட்ப்ரோப் ஃபோல்டரில் பிளாக்லிஸ்ட் ஃபைல் எழுதினான், அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் ஓட்டினான், ரீபூட் செய்தான். அதே இரண்டு நிமிடம். கிரப் வரியிலேயே மாட்ப்ரோப்.பிளாக்லிஸ்ட் போட்டான். அதே இரண்டு நிமிடம். கர்னலை மாற்றினான். சாப்பிடப் போகாமல் உட்கார்ந்திருந்தான். அவன் செய்த ஒவ்வொன்றும் எழுத்துப் பிசகாமல் சரி. ஆனால் கதவைத் தட்டுவது யுஎஸ்பி கோர். கேமரா 'நான் இன்னார்' என்று சொன்ன பிறகுதான் எந்த டிரைவரைக் கூப்பிடுவது என்ற பேச்சே வரும். பேரே சொல்லாத கருவிக்கு டிரைவர் இருந்தாலென்ன, இல்லாவிட்டாலென்ன? லாக்கில் 'யுவிசி-வீடியோ' என்ற சொல் வருவதற்கு முன்பே எரர் வந்துவிட்டதா, கீபோர்டைத் தள்ளி வையுங்கள். அது ஒயர், கனெக்டர், கரண்ட், இல்லையென்றால் கேமரா மாட்யூல்.

சிஸ்டம்டி-அனலைஸ் பிளேம் என்று அடித்தால் எது எவ்வளவு நேரம் எடுத்தது என்று பட்டியல் வரும். உச்சியில் பல சமயம் 'யுதேவ்-செட்டில்' என்ற சர்வீஸ் நிற்கும். அதை மாஸ்க் செய்துவிட்டுப் 'பழுது போயே போச்சு' என்று பில் போடுகிறவர்களும் உண்டு. அது மற்ற கருவிகள் வந்து சேரட்டும் என்று காத்திருக்கும் ஆள். காத்திருக்கிறவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டால் வர வேண்டியவன் வந்துவிடுவானா?

கீபோர்டில் தீரும் பழுதுகளும் இருக்கின்றன, குறைவாக. உதாரணமாக, கேமராவின் வெண்டர் எண் லாக்கில் தெரிகிறது. சிக்கானி என்றால் 04எஃப்2, ரியல்டெக் 0பிடிஏ, மைக்ரோடியா 0சி45. ஆனால் அதற்குப் பிறகு கான்ஃபிகரேஷனைப் படிக்க முடியவில்லை என்று நிற்கிறது. குளிர்ந்து கிடந்த மெஷினை ஆன் செய்தால் பழுது, ரீபூட் செய்தால் சரி. இது கேமராவின் கன்ட்ரோலர் மெதுவாக விழிக்கும் கேஸ். கிரப் வரியில் யுஎஸ்பிகோர்.குவர்க்ஸ் என்று எழுதி, வெண்டர் எண், புராடக்ட் எண், கடைசியில் 'ஜி' என்ற எழுத்தைச் சேர்த்தால் பேர் தெரிந்ததும் கர்னல் கொஞ்சம் பொறுத்துவிட்டு மேலே கேட்கும். லாஜிடெக் சி920 போன்ற வெளிக் கேமராக்களுக்கு இந்தப் பொறுமை கர்னலிலேயே எழுதப்பட்டிருக்கிறது. பூட் ஆன பிறகு கேமரா வருவதும் போவதுமாக இருந்தால் ஆட்டோசஸ்பெண்டை நிறுத்திப் பாருங்கள். பேட்டரியை மிச்சப்படுத்தும் டிஎல்பி போட்ட மெஷின் என்றால் அதன் டினை லிஸ்ட்டில் கேமராவின் எண்ணைச் சேர்த்தால் போதும்.

'என்டிட்டி டைப் வாஸ் நாட் இனிஷியலைஸ்டு' என்றோ 'யுவிசி நான் கம்ப்ளையன்ஸ்' என்றோ வரும் வரிகளைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். படம் வருகிறதா, விட்டுவிடுங்கள்.

திரைப் பக்கம் திருப்புளி வைக்கும் முன் ஒரு சின்ன வேலை. சார்ஜரைக் கழற்றி, பேட்டரி கனெக்டரையும் பிடுங்கி, பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். ஷட்டவுன் செய்தாலும் போர்டில் ஸ்டாண்ட்பை கரண்ட் இருந்துகொண்டே இருக்கும். கேமராவுக்குள் இருக்கும் சிப் மயங்கிக் கிடந்தால் அந்தக் கரண்ட் அதை மயக்கத்திலேயே வைத்திருக்கும். முழுக்க வடிந்தால்தான் தெளியும். இதோடு பழுது தீர்ந்து, காசு வாங்காமல் அனுப்பிய மெஷின்களும் உண்டு.

பேட்டரியைக் கழற்றாமல் டிஸ்ப்ளே கனெக்டரில் கை வைக்கக் கூடாது. இதை நான் இரண்டாம் தடவை சொல்ல மாட்டேன். பேக்லைட்டுக்குப் போகும் வோல்டேஜ் அதே கேபிளில் இருக்கிறது, 19 வோல்ட் வரை. இழுக்கும்போது பின் சற்றுச் சாய்ந்து பக்கத்துப் பின்னைத் தொட்டால் பேக்லைட் ஃபியூஸ் போய்விடும். வெப்கேம் பார்க்க வந்த மெஷின் இருட்டுத் திரையோடு திரும்பும்.

திரையைச் சுற்றியிருக்கும் சட்டமான பெசலைத் திறக்காமலே ஒரு சோதனை செய்யலாம். டெர்மினலில் 'டிமெஸ்ஜ்' கட்டளையோடு 'டபிள்யூ' சேர்த்து ஓடவிட்டால் புது வரி வந்தவுடன் திரையில் விழும். மெஷினை மேசையில் வைத்து, மூடியின் மேல்விளிம்பை நடுவில் பிடித்து, மூடுகிற பக்கமாகக் கொண்டுபோங்கள். அவசரம் கூடாது. நூல் நூலாக நகர வேண்டும். ஏதோ ஒரு கோணத்தில் 'யுஎஸ்பி டிஸ்கனெக்ட்' என்று ஒரு வரி விழும். இன்னும் ஒரு நூல் நகர்த்தினால் 'நியூ ஹை-ஸ்பீடு யுஎஸ்பி டிவைஸ்' என்று திரும்ப வரும். அண்ணன் இதைச் செய்யும்போது இடது கை கட்டைவிரல் ஹின்ஜ் மூடியின் மேல் இருக்கும். வரி விழும் அதே கணத்தில் விரலுக்கடியில் கேபிள் பிதுங்குவது தெரியும் என்பார். முதலில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. இப்போது தெரிகிறது. எப்படி என்று கேட்டால் சொல்லத் தெரியாது. நீங்களும் விரலை வைத்துக்கொண்டே இருங்கள்.

எந்தக் கோணத்திலும் மாற்றம் இல்லையென்றால் கேமராவைக் கழற்றிவிட்டு பூட் செய்யுங்கள். தாமதம் போய்விட்டதா, பழுது கேபிளிலோ மாட்யூலிலோ இருக்கிறது. போகவில்லையா, நீங்கள் பார்த்தது வேறு போர்ட். ஃபிங்கர்பிரிண்டோ கார்டு ரீடரோ இருக்கும். மதர்போர்டு பக்கத்தைச் சோதிக்க, கரண்ட் இல்லாமல் மல்டிமீட்டரை டயோடு மோடில் வைத்து, சிவப்பு முனையைக் கிரவுண்டில் வைத்துக் கருப்பு முனையால் டி பிளஸ்ஸையும் டி மைனஸ்ஸையும் தொடுங்கள். இரண்டு அளவும் ஏறக்குறைய சமமாக வர வேண்டும். ஒன்று மட்டும் ஓப்பன் காட்டினால் கேபிளை மாற்றி என்ன பயன்?

மாட்யூல் டபுள் சைடு டேப்பில் ஒட்டியிருக்கும். நகத்தால் நெம்பினால் அந்த மெல்லிய போர்டு வளைந்து கீறல் விடும். தூண்டில் நரம்பை இரண்டு கையிலும் சுற்றிக்கொண்டு, மாட்யூலுக்கும் மூடிக்கும் நடுவில் விட்டு, அறுப்பது போல் இழுத்தால் டேப் அறுந்து தானாக வரும். ஒரு சொட்டு ஐபிஏ (ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்) விட்டால் இன்னும் சுலபம். ஹீட் கன்னை டிஸ்ப்ளே பக்கம் காட்டவே வேண்டாம்.

கேபிள் புதிதாகக் கிடைத்தால் முழுக் கேபிளையும் மாற்றுவதே நல்லது. கிடைக்காத பழைய மாடலுக்கு ஒட்டுப் போடத்தான் வேண்டும். அறுந்த இடத்திலேயே ஒட்டுப் போட்டால் அது மறுபடி மடங்கும் இடம்; ஈயம் வைத்த ஒயர் மடங்காது, முறியும். ஹின்ஜைத் தாண்டி இரண்டு பக்கமும் நல்ல ஒயர் வரும்வரை வெட்டிவிட்டு, நடுவில் புது ஒயர் கொடுத்து, ஒட்டு இரண்டும் மூடிக்குள்ளும் பாடிக்குள்ளும் அசையாத இடத்தில் வருகிற மாதிரி வையுங்கள். டி பிளஸ்ஸும் டி மைனஸ்ஸும் ஒரே நீளம், ஒன்றோடொன்று முறுக்கி. 480 மெகாபிட் ஓடுகிற ஜோடி அது. முறுக்கு அவிழ்ந்தால் வேகம் தாங்காது.

தாங்கவில்லை என்பதை லாக்கே சொல்லும். வெப்கேமுக்கு 'ஹை-ஸ்பீடு' என்று வர வேண்டிய இடத்தில் 'ஃபுல்-ஸ்பீடு' என்று வந்தால், அதாவது 12 மெகாபிட்டுக்கு இறங்கியிருந்தால், ஒட்டு அரைகுறை. 'லோ-ஸ்பீடு' என்று வந்தால் டி பிளஸ்ஸையும் டி மைனஸ்ஸையும் மாற்றி வைத்து ஒட்டியிருக்கிறீர்கள். மவுஸ், கீபோர்டு போன்ற லோ-ஸ்பீடு கருவிகள் டி மைனஸ் ஒயரை மேலே இழுத்துத் தங்களை அறிவிக்கும். வேகமான கருவிகள் டி பிளஸ்ஸை இழுக்கும். ஒயர் மாறினால் கேமரா தன்னை மவுஸ் வகையறா என்று சொல்லிக்கொண்டு நிற்கும். ஒட்டு வேலையை இன்னொருவர் செய்து நம்மிடம் வரும் மெஷின்களில் இந்த ஒரு சொல்லைத்தான் நான் முதலில் தேடுவேன்.

மாட்யூலை மாற்றினால் கனெக்டர் பொருந்துகிறது என்பதற்காகச் சொருகாதீர்கள். சில மாட்யூல் 3.3 வோல்ட், சில 5 வோல்ட், பின் வரிசையும் மாறும். பின்பக்க ஸ்டிக்கரில் இருக்கும் பார்ட் நம்பரை எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள். போர்டு பக்கம் எத்தனை வோல்ட் வருகிறது என்று அளந்து பார்த்துவிட்டுச் சொருகுங்கள்.

கேமராவே வேண்டாம் என்கிறவர்கள் 2020-க்கு முன் நிறையப் பேர் இருந்தார்கள். ஆன்லைன் வகுப்பு வந்த பிறகு குறைந்துவிட்டார்கள். அப்படி ஒருவர் வந்தால் பயாஸில் கேமராவை அணைக்கும் வசதி இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் கனெக்டரைக் கழற்றி, முனையில் காப்டன் டேப் சுற்றி, அதே இடத்தில் படுக்க வைத்துவிடலாம். கழற்றியதை பில்லில் எழுதுங்கள். அடுத்து திறக்கிறவருக்கு உதவும்.

சில புது மெஷின்களில் கதை வேறு. இன்டெல்லின் ஐபியு6 வழியாக வரும் கேமராக்கள் யுஎஸ்பியே கிடையாது. எல்எஸ்யுஎஸ்பி பட்டியலில் தேடித் தேடி ஏமாந்து, கேமரா செத்துவிட்டது என்று மூடியைத் திறந்துவிடாதீர்கள். அதற்கான டிரைவரின் அடிப்படைப் பகுதி 2024-இல் 6.10 கர்னலில்தான் சேர்ந்தது. மேலே லிப்கேமராவும் வேண்டும். இங்கே திருப்புளிக்கு வேலை இல்லை, கர்னல் பதிப்பைத்தான் பார்க்க வேண்டும்.

வேலை முடிந்து பெசலை அழுத்தி மூடியதும் டெலிவரி கொடுக்க வேண்டாம். பெசல் பூட்டும்போது கேபிள் நசுங்குவது உண்டு. டிமெஸ்ஜை ஓடவிட்டு மூடியை முழுக்கத் திறந்து மூடிப் பாருங்கள், வரி எதுவும் விழக் கூடாது. இரவு பேட்டரியைக் கழற்றியே வைத்துவிட்டு, மறுநாள் காலை மாட்டி, கொயட் ஸ்பிளாஷ் இல்லாமல் ஒரு தடவை ஆன் செய்யுங்கள். அந்த போர்ட் எண்ணுக்கு நேரே 'ஹை-ஸ்பீடு' என்று ஒரே வரி, இடதுபக்கம் விநாடிக் கணக்கு தாவாமல் இறங்கினால் வாடிக்கையாளருக்கு ஃபோன் போடலாம்.